மூன்று தட்டும் மூன்று தட்டலும்: ஒளிவிழாவுக்கு ஒரு நத்தார் பகிடி

கார்த்திகை மழை பிடித்ததும் மட்டக்களப்பில் பள்ளிக்கூடம், கந்தோர், பங்குக் கோயில் என்று எங்கும் நத்தார் (கிறிஸ்மஸ்) கலைநிகழ்ச்சியான ஒளிவிழாவுக்குக் கூட்டம் கூடத் தொடங்கும். கரோல் நாலு, சின்னப்பிள்ளைகளின் நடனம் ஒன்று, அதிதி உரை, நத்தார் தாத்தா, பரிசு, கேக். இவ்வளவும் எழுதி முடிந்த பிறகு யாராவது ஒருவர், "ஒரு நாடகமும் போடுவம்" என்பார். பாலன் பிறப்பு போன வருடமும் போட்டாயிற்று, அதற்கு முந்தின வருடமும் போட்டாயிற்று. ஆகவே இந்த முறை பகிடி நாடகம். பொடியன்மார் உடனே டிவியில் பார்த்த ஆங்கிலப் படத்திலிருந்து கதையை உருவி எடுப்பார்கள்: அப்பா ஒரு விளையாட்டுச் சாமானைத் தேடிக் கடை கடையாக ஓடுகிறார், கிடைக்கவில்லை, கடைசியில் குடும்பம்தான் பெரிசு என்று எல்லோரும் கட்டிப்பிடிக்கிறார்கள்.

மேடையில் இது பெரும்பாலும் படுத்துவிடும். நடிப்புக் குறைவென்று சொல்வார்கள். குறை நடிப்பில் இல்லை, கதையில் இருக்கிறது.

அந்த வகைப் படத்துக்கு எலும்பு மூன்று: ஒரு பொருள், ஒரு வாக்கு, ஒரு திகதி. 1996இல் வந்த ‘ஜிங்கிள் ஆல் த வே’யில் பொருள் டர்போ மேன் என்ற பொம்மை. வாக்கு, வேலையே கதியென்று கிடக்கும் அப்பா மகனுக்குக் கொடுத்தது. அப்பாவாக வருபவர் அர்னால்ட் சுவாஸ்நேகர். திகதி, டிசம்பர் 24. இதில் ஒன்றை உருவினாலும் படம் விழுந்துவிடும். பொம்மை தை மாதம் கிடைத்தாலும் பரவாயில்லை என்றால் ஓட்டம் இல்லை. வாக்குக் கொடுக்காவிட்டால் வேறொரு பொம்மையை வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம்.

கதை ஆகாயத்திலிருந்து விழவும் இல்லை. 1983 நத்தாருக்கு அமெரிக்கக் கடைகளில் கபேஜ் பட்ச் பொம்மைகளுக்காகப் பெற்றோர் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளினார்கள். இந்தத் தட்டுப்பாட்டுக்குப் பின்னால் ஒரு வியாபார யுக்தியும் உண்டு என்று ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் விளக்கியிருக்கிறார். நத்தாருக்கு முன் ஒரு பொம்மைக்கு விளம்பரத்தைக் கொட்டுவார்கள். பிள்ளை கேட்கும், அப்பா "ஓம்" என்பார். கடைக்கோ சரக்கு கொஞ்சம்தான் வரும். கிடைக்காத அப்பா வெறுங்கையோடு போக முடியாமல் வேறொன்றை வாங்குவார். நத்தார் முடிந்து ஜனவரியில் அதே பொம்மை கடை நிறைய வந்திறங்கும், விளம்பரமும் திரும்பத் தொடங்கும். பிள்ளை "வாங்கித்தாறன் என்டு சொன்னீங்கதானே" என்று நிற்கும். கம்பனிக்கு இரண்டு விற்பனை. இந்தக் கணக்கு படத்தில் வராது. அங்கே சண்டையெல்லாம் ஒரு அப்பாவுக்கும் அதே பொம்மையைத் தேடி அலைகிற ஒரு தபால்காரனுக்கும் இடையில். பொம்மை செய்தவனைத் தபால்காரன் வாயால் திட்டுவதோடு சரி.

இந்தப் படங்கள் வியாபாரத்தைக் கிண்டல் செய்கின்றன என்று சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 1947இல் வந்த ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’டில் மேசிஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் நத்தார் தாத்தா, சாமான் அங்கே இல்லையென்றால் இன்ன கடையில் கிடைக்கும் என்று சனத்தை அனுப்பிவிடுவார். முதலாளி கோபிக்கப்போகிறார் என்று பார்த்தால், சனம் நன்றி சொல்லிக்கொண்டு திரும்பி வருகிறது. அதையே கடையின் கொள்கையாக்கிவிடுகிறார். நல்ல மனதையும் விளம்பரத்துக்குள் போட்டுக்கொள்ளும் சாமர்த்தியத்தை அந்தப் படம் ஒளிக்காமல் காட்டியது. அந்த நத்தார்ப் படம் திரைக்கு வந்ததோ மே மாதத்தில். வெயில் காலத்தில்தான் சனம் கூடுதலாகத் தியேட்டருக்கு வரும் என்பது ஸ்டூடியோக்காரரின் கணக்கு.

சரி, மட்டக்களப்புக்கு வருவோம். இங்கே பொருளுக்குத் தட்டுப்பாடு இல்லை. காத்தான்குடிக் கடைத்தெருவில் இல்லாத விளையாட்டுச் சாமான் கல்முனையில் இருக்கும், அங்கேயும் இல்லையென்றால் அதன் நகல் பாதி விலைக்கு நடைபாதையில் இருக்கும். தட்டுப்பாடு காசுக்குத்தான். டிசம்பர் என்பது இந்தக் கரையில் கை வறண்ட மாதம். மாரி வேளாண்மை ஐப்பசியில் விதைத்தது. உரத்துக்கும் களைநாசினிக்கும் காசு வயலுக்குள் போய்விட்டது. அறுவடை தை கடைசியிலிருந்து பங்குனிக்குள். வாடை அடித்துக் கடல் குழம்பினால் தோணி கரையில். மழைக்குள் மேசன் வேலை, கூலி வேலையும் குறைவு. வெள்ளம் வந்தால் இன்னொரு செலவு. அரசாங்க உத்தியோகத்தருக்குப் பண்டிகை முற்பணம் இருக்கிறது. அதுவும் மாதாமாதம் சம்பளத்தில் கழிபடுகிற கடன்தான்.

அமெரிக்கப் படத்தில் அப்பாவிடம் காசு இருக்கிறது, கடையில் பொம்மை இல்லை. இங்கே கடையில் பொம்மை இருக்கிறது. இதைத் திருப்பிப் போடாமல் கதையை அப்படியே மேடையேற்றினால் முன்வரிசையில் இருக்கிற மாமிமார் சிரிக்கமாட்டார்கள். நமக்குக் கிட்டவான படம் வேண்டுமென்றால் 1989இல் வந்த ‘கிறிஸ்மஸ் வெக்கேஷன்’. அதில் அப்பா போனஸ் வரும் என்று நம்பி நீச்சல் குளத்துக்கு முற்பணம் கட்டிவிடுகிறார். உறையைத் திறந்தால் காசுக்குப் பதிலாக மாதம் ஒரு ஜாம் போத்தல் அனுப்பும் சங்கத்தின் அங்கத்துவம். வராத காசை நம்பிச் செய்த செலவு. வேளாண்மையை நம்பிக் கைமாற்று வாங்கியவர் இருக்கிற சபையில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் நம்முடைய நாடகத்துக்குப் பொருள் எது? என் கணக்கில் அது பொம்மை அல்ல, பலகாரத் தட்டு.

இந்த ஊரில் பரிசு என்பது முதலில் தட்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வந்தது. நத்தாருக்கு நம் முறை. தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது, குறைந்தது ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வந்த தட்டில் எத்தனை துண்டு இருந்தது என்பது எந்தக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். வங்கிக் கணக்கைவிடத் துல்லியமாக நடக்கிற கணக்கு இது. அமெரிக்கக் குடும்பப் பகிடிக்குள் இருக்கிற பயம், அதாவது பிள்ளையின் முகம் வாடிவிடுமோ என்ற பயம், இங்கே பக்கத்து வீட்டு மாமியின் முகமாக வருகிறது.

இதற்குள் ஒரு அருமையான சிக்கல் கிடக்கிறது. நத்தார்க் காலமும் மார்கழியும் ஒன்று. பக்கத்து வீட்டுச் சைவ மாமி பிள்ளையார் பெருங்கதை விரதத்தில் இருப்பார். அது முடிந்தால் திருவெம்பாவை. முட்டை போட்ட கேக்கை அந்த வீட்டுக்குள் கொண்டுபோக ஒண்ணா. றிச் கேக்கின் பழங்கள் பிராந்தியில் ஊறியவை. அதை முஸ்லிம் வீட்டுக்கு அனுப்ப ஒண்ணா. கடையில் வாங்கிய புடிங்கிலும் ஜெலியிலும் ஜெலட்டின் இருக்கலாம், அது சைவ வீட்டுக்குச் சரிவராது, ஹலால் என்று தெரியாவிட்டால் முஸ்லிம் வீட்டுக்கும் சரிவராது. "அப்ப கொக்கிஸ் அனுப்புவம், அது பாவம் ஒண்டும் செய்யாது" என்று நினைப்பவர்கள்தான் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள், ஏனென்றால் கொக்கிஸ் மாவிலும் முட்டை அடித்து ஊற்றுகிற வழக்கம் உண்டு. சைவ வீட்டுக்கு முறுக்கும் பயற்றம் உருண்டையும் வாழைப்பழமும். முஸ்லிம் வீட்டுக்கு மதுசாரம் படாத பட்டர் கேக்கும் பழமும். கிறிஸ்தவ வீட்டுக்கு றிச் கேக். ஆக மூன்று தட்டு. மூன்றையும் ஒரே மாதிரிப் பின்னல் துணியால் மூடிவிட்டு, கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை ஒரு பத்து வயதுப் பொடியனிடம் ஒப்படையுங்கள். நாடகம் தானாக ஓடும்.

"மனே, பூத்துணி போட்டது மாமி வீட்டுக்கு. விளங்கினதா?"
"எல்லாத்திலயும் பூத்தானே கிடக்கு."
"சிவப்புப் பூ! மறுகா நீலப் பூ..."
அதற்குள் பொடியன் வாசலைத் தாண்டிவிடுவான்.

பதினெட்டு நிமிடத்துக்கு மேல் எழுத வேண்டாம். ஃபுல்ஸ்காப் தாளில் கையால் எழுதிய ஒரு பக்கம் மேடையில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஓடும். சிரிப்புக்கு நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் ஏழு பக்கம் போதும். பாத்திரங்கள் ஆறு: அம்மம்மா, அப்பா, அத்தை, பொடியன், பக்கத்து வீட்டு மாமி, இன்னும் ஒரு கட்டியகாரன். அம்மா எங்கே என்பது பிறகு வரும்.

கட்டியகாரன் ஏன்? இந்த ஊர் வடமோடிக் கூத்தில் ராசா வருவதற்கு முன் கட்டியகாரன் வந்து வரவை அறிவிப்பான். ஒளிவிழாவில் அவனை விளம்பரத்தின் குரலாக ஆக்குங்கள். "வாறார் வாறார் ராசா வாறார்" என்ற தாளத்தில் "வருகுது வருகுது கழிவு வருகுது, இருபது வீதம் கழிவு வருகுது" என்று ஆடட்டும். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் கிடைத்தால் மத்தளத்தோடு, கிடைக்காவிட்டால் மேசையில் தட்டினாலும் போதும். ராசா கடைசி வரைக்கும் வரவே கூடாது. விலைக்கழிவு மட்டும்தான் வந்துகொண்டே இருக்க வேண்டும். தொலைக்காட்சி விளம்பரத்தை நடித்துக் காட்டுவதைவிட இது பத்து மடங்கு ஏறும், சபைக்குத் தாளம் ஏற்கெனவே காலில் இருப்பதால்.

அவனால் இன்னொரு உபயோகமும் உண்டு. டிசம்பர் மழை தகரக் கூரையில் இறங்கினால் மண்டபத்தில் ஒரு வார்த்தையும் கேட்காது. அந்த நேரத்தில் வசனத்தைக் கத்தித் தொண்டையைக் கெடுக்க வேண்டாம். முன்கூட்டியே பேசி வையுங்கள்: மழை இரைந்தால் இருக்கிற இடத்தில் எல்லோரும் சிலையாக நிற்க, கட்டியகாரன் வந்து ஆட்டம் போடுவான், மழை குறைந்ததும் விட்ட வசனத்திலிருந்து பிடிக்கலாம். கரண்ட் போனாலும் இதே ஏற்பாடுதான், ஆனால் மத்தளக்காரர் மைக்கை நம்பாமல் மேடைக்குக் கிட்ட இருக்க வேண்டும்.

மைக் பொதுவாக இரண்டு, அதுவும் காலில் நிற்கிற மைக். ஆறு பேரும் அதைச் சுற்றித் திருவிழாக் கூட்டம்போல நிற்பதுதான் வழக்கமான அழிவு. ஒன்றை வாசலாகவும் மற்றதைச் சமையலறையாகவும் பிரித்துவிடுங்கள். வாசல் மைக்கில் வருகிறவர்கள் பேசுவார்கள், சமையலறை மைக்கில் அம்மம்மாவும் அத்தையும். பொடியன் இரண்டுக்கும் இடையில் ஓடுகிறவன், அவனுக்கு வசனம் குறைவு, கைவேலை கூட. பளபளக்கிற பரிசுத்தாளை மைக்குக்கு ஒரு அடிக்குள் கசக்கினால் தகரத்தைக் கிழிப்பதுபோல் கேட்கும். பொதி பிரிக்கிற காட்சியை மைக்கிலிருந்து தள்ளி வையுங்கள், மேடைப் பொதிகளை மெல்லிய தாளில் சுற்றுங்கள்.

வாசலுக்கு வருகிற தட்டல் மூன்று. முதலாவது கரோல் கூட்டம். பாட்டு முடிந்ததும் உண்டியல் நீளும். அப்பா சட்டைப்பையைத் தடவுவார். இரண்டாவது தட்டல் கிழமைக் கடன் அறவிடுகிறவர். மழைக்குச் சிவப்புச் சட்டைக்கு மேல் ரெயின்கோட்டும் தோளில் பையுமாக வருகிற அவரைப் பொடியன் நத்தார் தாத்தா என்று நினைத்து உள்ளே இழுத்துக் கொண்டுவருவான். அம்மம்மா அவருக்கும் கேக் வெட்டிக் கொடுப்பார். "சாப்பிட்டிட்டுப் போ மகன், காசு எங்க ஓடப்போகுது" என்று அவர் சொல்லும்போது சிரிப்பு ஒரு மாதிரிக் கனத்துத்தான் வரும், வரட்டும். கடன்காரரை வில்லன் ஆக்காதீர்கள். அவரும் மழையில் சைக்கிளில் வந்த சம்பளக்காரன்தான். இந்தக் காட்சிக்குத் தனியாக ஒருவர் வேண்டாம். கட்டியகாரனே உடுப்பு மாற்றி வரலாம், கழிவு அறிவித்தவனே கடன் கேட்டு வருகிறான் என்பது சபைக்குத் தானாகப் பிடிபடும். உடுப்பு மாற்ற இரண்டு நிமிடம் விடுங்கள்.

சில பகிடிகளை இங்கே கொண்டுவரக் கூடாது. ‘ஜிங்கிள் ஆல் த வே’யில் தபால்காரன் கையிலிருக்கிற பொதியைக் குண்டு என்று மிரட்டுகிற கட்டம் சிரிப்புக் கட்டம், பொதி கடைசியில் வெடிக்கவும் செய்கிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, சீயோன் ஆலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த இந்த ஊரில், ஆளில்லாமல் கிடக்கிற பையை வைத்தும் திடீர் வெடிச் சத்தத்தை வைத்தும் யாரும் சிரிப்பு எடுக்க முடியாது. அலைச் சத்தமும் அப்படித்தான். ஒளிவிழா முடிந்து நத்தாருக்கு மறுநாள் 26ஆம் திகதி. கல்லடியிலும் டச்பாரிலும் 2004 சுனாமியின் நினைவுக்கு விளக்கு ஏற்றுகிற நாள். "கடல் வருகுது" என்று பகிடிக்குக்கூட வசனம் எழுத வேண்டாம்.

நத்தார் தாத்தா வேடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தாடியைப் பஞ்சில் செய்கிறோம், விழாவின் பெயரோ ஒளிவிழா, மண்டபம் முழுக்க மெழுகுதிரி. திரி ஏற்றுகிற நிகழ்ச்சியும் தாத்தாவின் வருகையும் ஒட்டிவரக் கூடாது. இடையில் குறைந்தது ஒரு கரோல் பாட்டு இருக்க வேண்டும், எல்லாத் திரியும் அணைந்த பிறகுதான் தாத்தா உள்ளே வர வேண்டும். பஞ்சைத் தோலில் பசை பூசி ஒட்டினால் இந்தப் புழுக்கத்துக்குப் பத்து நிமிடத்தில் வழுகிவிடும். மெல்லிய வலைத்துணியில் பஞ்சை ஒட்டி, வாய்க்கு இரண்டு அங்குலம் திறந்து, காதைச் சுற்றி இலாஸ்டிக் போடுங்கள். பிளாஸ்டிக் முகமூடி வேண்டவே வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதைக் கண்டு வீரிட்டு அழுவார்கள், தொடங்கினால் வரிசையாக அழுவார்கள்.

நாடகம் முடிந்ததும் பரிசு. பெற்றோரே தங்கள் பிள்ளைக்கு வாங்கிப் பொதிசெய்து, பெயர் எழுதி ஆசிரியரிடம் இரகசியமாகக் கொடுத்துவிடுவது பல முன்பள்ளிகளில் நடக்கிற முறை. நாடகத்தில் பதினெட்டு நிமிடம் கிண்டல் செய்ததெல்லாம் அங்கே ஐந்து நிமிடத்தில் மேடையேறும்: ஒரு பிள்ளைக்கு மூன்று சில்லுச் சைக்கிள், அடுத்த பிள்ளைக்குப் பென்சில் பெட்டி. விலைக்கு வரம்பு வைப்பது போதாது, விலையை யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அளவுக்கு வரம்பு வையுங்கள். 30 சென்றிமீற்றர் நீளம், 20 அகலம், 10 உயரம் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெட்டியைச் சுற்ற ஒரு பக்கம் 63, மறுபக்கம் 45 சென்றிமீற்றர் தாள் வேண்டும்; கடையில் கிடைக்கிற 50க்கு 70 தாள் ஒன்று சரியாகக் காணும். எல்லோருக்கும் ஒரே நிறத் தாளைக் குழுவே மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பெயரைப் பொதியின் மேலேயும் உள்ளேயும் எழுதுங்கள், மழை ஈரத்தில் மேல் ஒட்டு கழன்றுபோகும். பெயரில்லாத பொதி மூன்று எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் தம்பி தங்கையோடு வருகிற வீடுகள் உண்டு.

பெயர்ச் சீட்டு எடுத்து, யாரென்று சொல்லாமல் பரிசு கொடுக்கிற பெரியவர்களின் சீக்ரட் சாண்டாவில் வேறு வியாதி. எல்லோரும் சுவர்க் கடிகாரமும் கண்ணாடிக் கிண்ணமும் வாங்குவார்கள், போன வருடக் கிண்ணமே தாள் மாறித் திரும்பி வரும். ஜோவல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர் 1993இல் மாணவர்களிடம் கேட்டுக் கணக்குப் பார்த்தார்: நத்தார்ப் பரிசின் விலையில் பத்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுவரை, பரிசு கிடைத்தவரின் கண்ணில் இல்லாமலே போகிறது. தூரத்து மாமா மாமி கொடுத்ததில் இழப்பு கூட, நண்பர்கள் கொடுத்ததில் குறைவு. ஆளைத் தெரிந்தவன் சரியாக வாங்குகிறான். ஆகவே பெயர்ச் சீட்டோடு இரண்டு கேள்விக்குப் பதிலும் எழுதி வாங்குங்கள்: வீட்டில் என்ன முடிந்துபோயிற்று, என்ன வேண்டவே வேண்டாம். ஒரு கந்தோரில் பாதிப்பேர் "தேயிலை, சீனி" என்று எழுதினால் அதையே கொடுங்கள்.

இனி மூன்றாவது தட்டல். 1990இல் வந்த ‘ஹோம் அலோன்’ படத்தில் குடும்பம் பாரிசுக்குப் பறந்துவிட, பிள்ளை வீட்டில் தனியே. அங்கே அது சிரிப்பு, ஏனென்றால் அம்மா அடுத்த விமானத்தைப் பிடிக்கப் பாடுபடுகிறார், நத்தாரன்று வந்தும் விடுகிறார். இங்கே குவைத்துக்கும் சவூதிக்கும் போன அம்மாமார் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனவர்கள். அதனால்தான் நம் நாடகத்தில் அம்மா பாத்திரம் இல்லை. பொடியனும் அதைப் பற்றி ஒரு வசனமும் பேசக் கூடாது. அம்மம்மா தட்டுகளை அடுக்கும்போது ஒருமுறை, "உங்கம்மா இருந்தா இவ்வளவு பிழை வராது" என்று சொன்னால் போதும்.

தட்டுகள் மாறி, மாமி கேக்கைத் திறந்து பார்த்து, "என்னகா, விரதகாரிக்கு முட்டை அனுப்பியிருக்கிறாய்" என்று வாசலில் வந்து நிற்கிற உச்சத்தில் கதவு தட்டப்பட வேண்டும். கார்கோக்காரர், பெரிய மட்டைப் பெட்டியோடு. கப்பலில் வருகிற பெட்டி நத்தாருக்குப் பிந்தித்தான் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அது நேரத்துக்கு வந்ததே சபைக்கு ஆச்சரியம். சண்டை அப்படியே நிற்கும். மாமி கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கட்டும், மறுபக்கத்தை அப்பா. பெட்டியை மேடையில் திறக்காதீர்கள். திறந்தால் உள்ளே என்ன வைப்பது என்று குழு இரண்டு கிழமை சண்டைபோடும், எதை வைத்தாலும் அது வெறும் சாமானாகிவிடும்.

வெறும் பெட்டியைத் தூக்குவது பின்வரிசைக்கும் தெரியும். ஐந்து கிலோ அரிசிப்பை ஒன்றை உள்ளே வைத்து, ஆடாமல் இருக்கச் சுற்றிப் பழைய துணி அடையுங்கள். பொடியன் பெட்டியில் எழுதியிருக்கிற அனுப்புநர் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்க, வாசித்து முடிப்பதற்குள் திரை. திரை இழுக்கிறவரிடம் பேப்பரில் எழுதிக் கொடுத்து வையுங்கள்: மூன்றாவது எழுத்தில் இழுக்க வேண்டும்.